என் தங்கையின் குழந்தையும் பறக்கும் தட்டும்

என் தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தையை, பிறந்த மறுநாளே ஒரு மாலைப் பத்திரிகை வேற்றுக்கிரகத்துப் பிறவி ஆக்கிவிட்டது. "ஆரணியில் வேற்றுக்கிரக சிசு?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி ஒன்று இருந்தால் யாரைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிகிறது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பட்டுச் சேலை வியாபாரிகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பேச வருவார்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த அறிவியல் மாத இதழ்களைப் படித்துக்கொண்டிருப்பேன். வானத்தைப் பற்றி எது வந்தாலும் விடமாட்டேன். வேறு கிரகங்களில் உயிர் இருக்குமா என்கிற கேள்வி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறுகளில், செவ்வாயிலிருந்து வந்து விழுந்த ஒரு கல்லில் உயிரின் தடம் இருக்கிறது என்று பத்திரிகையில் படித்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அது உயிரின் தடம்தானா என்று விஞ்ஞானிகளே சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டையும் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களே என்று.

சாயங்காலம் என் தங்கை தறி வேலை முடிந்து மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது அவளிடம் இதையெல்லாம் சொல்வேன். அவளுக்கு விஞ்ஞானம் பிடிக்காது. ஆனால் கேட்பாள்.

"அங்க ஆளுங்க இருக்காங்கன்னே வச்சிக்கோக்கா. அவங்களுக்கும் நாத்தனாரு, மாமியாருலாம் இருப்பாங்களா?"

"உசுருன்னா மனுசங்கதான்னு யாரு சொன்னா? பாசி மாதிரி எதுனா இருக்கலாம்."

"பாசியா? அப்ப நிம்மதியா இருக்கும்" என்று சிரிப்பாள்.

அவளைச் சொந்தத்தில்தான் கொடுத்தோம். எங்கள் அப்பாவுடைய அக்கா மகன்தான் மாப்பிள்ளை. அவரும் நெசவுதான், நாலு தெரு தள்ளி வீடு. அத்தையே மாமியார் என்பதால் பெண்ணுக்குக் கஷ்டம் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு வளைகாப்பு முடிந்து கொஞ்ச நாளில், பெரணமல்லூர்ப் பக்கம் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வானத்தில் ஒரு பச்சை வெளிச்சம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடி மறைந்ததாம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், களத்துமேட்டில் நின்றவர்கள் என்று பலபேர் பார்த்திருக்கிறார்கள். பூத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். எரிகல்லாக இருக்கும் என்று நான் சொன்னேன். பறக்கும் தட்டு என்று ஒருவர் சொன்னார். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்கிற வருத்தம்தான் எனக்கு. மற்றபடி ஒரு வாரத்தில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

குழந்தை பிறந்தபோது அதை ஞாபகப்படுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஊரில் இருந்த ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் தங்கைக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஆயாம்மா, அங்கே வேலை செய்கிறவள், "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மனுசப் புள்ளையே இல்ல, வேற என்னமோ பொறந்துகீது" என்றாள். அவள் வேலை அந்தக் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றுவது. அதைச் செய்யாமல் ஊருக்குச் சேதி சொல்ல ஓடினாள்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன். குழந்தையின் உடம்பு முழுக்க, கண்ணாடித் தாளை இறுக்கிச் சுற்றினாற்போலப் பளபளவென்று ஒரு தோல். அந்தத் தோல் இழுத்த இழுப்பில் கண்ணிமைகள் வெளிப்புறமாகப் புரண்டு சிவப்பாகத் தெரிந்தன. உதடுகள் மீன் வாய்போல் திறந்தபடி நின்றன. அப்புறம் அது அழுதது. எல்லாக் குழந்தையும் அழுகிற அதே அழுகைதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. விரல் நீட்டினேன். மூடமுடியாத அந்தக் கையால் பிடிக்கப் பார்த்தது.

டாக்டரம்மாவுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரியான வார்த்தை. "இது தோல் சம்பந்தப்பட்ட வியாதிம்மா. இங்க எங்களால பாக்க முடியாது. ஜல்தியா வேலூருக்கு எடுத்துகினு போங்க."

எப்படி ஜல்தியாகப் போவது? அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாக் கூட்டம். கடை கட்டியவர்கள், பள்ளிக்கூடம் விட்டவர்கள், கையில் குழந்தையோடு பெண்கள். சேத்துப்பட்டிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வாடகைக் கார் வாசலுக்கு வரவே முடியவில்லை. அம்மா குழந்தையைத் துணியில் மூடி எடுத்து வரும்போது ஒரு ஆள் கையை நீட்டித் துணியை விலக்கினான். நன்றாகச் சட்டை போட்ட, படித்த ஆள். எங்கள் மாமா, தங்கையின் கணவர், அப்போதாவது அவன் கையைத் தட்டிவிடுவார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார். நான்தான் தட்டிவிட்டேன்.

"பாக்கக்கூட கூடாதாம்மா? இவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறோம்" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண். ஏதோ நாங்கள் அழைத்து வந்து ஏமாற்றிவிட்ட மாதிரி.

உள்ளூர் கேபிள்காரன் வீடியோ கேமராவோடு நின்றிருந்தான். தங்கை தையலோடு படுக்கையில் கிடந்தாள், வேலூருக்குப் போகமுடியாது. அன்று சாயங்காலம் அவள் இருந்த வார்டில் யாரோ டி.வி.யைப் போட்டார்கள். பழைய சினிமாப் பாட்டு ஒன்று முடிந்து, சேலைக் கடை விளம்பரம் ஒன்று முடிந்து, அதற்கப்புறம் அவள் குழந்தை வந்தது. துணி விலகிய அந்த ஒரு வினாடியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். குழந்தையை அதுவரை அவளிடம் சரியாகக் காட்டியிருக்கவில்லை. தான் பெற்ற பிள்ளையின் முகத்தை என் தங்கை முதல்முதலாகப் பார்த்தது கேபிள் டி.வி.யில். நான் ஓடிப்போய் டி.வி.யை அணைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "அக்கா, அது கண்ணுல தூசி விழப்போவுது. இமை மூடலயே, யாராச்சும் பாத்துக்கறாங்களா?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் மாலைப் பத்திரிகை. பெரணமல்லூர் வெளிச்சத்தையும் எங்கள் குழந்தையையும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். "பொதுமக்கள் பீதி" என்று வேறு. யார் பீதி அடைந்தது? பஸ் பிடித்து வந்து வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றார்களே, அவர்களா?

அதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல கதர்ச் சட்டை, தோளில் பை, மெதுவான பேச்சு. பறக்கும் தட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நான் பூத்தைத் திறக்கப் போயிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரியில் அத்தை மட்டும் இருந்தார். வந்தவரை என்னவோ பெரிய டாக்டர் என்று நினைத்து உட்காரச் சொல்லியிருக்கிறார். அவர் என் தங்கையிடம் கேட்ட கேள்விகளை அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

"அந்த வெளிச்சம் வந்த சமயத்துல உங்களுக்கு நினைவு தப்பின மாதிரி இருந்ததா? யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி? உங்க உடம்பை யாராவது பரிசோதனை பண்ண மாதிரி?"

ஆபரேஷன் ஆகி மூன்று நாள்கூட ஆகாத ஒரு பெண்ணிடம், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இதே கேள்வியை வேறு எந்த ஆம்பிளை கேட்டிருந்தாலும் தெருவில் செருப்பால் அடித்திருப்பார்கள். ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டால் கேட்கலாம் போலிருக்கிறது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தைதான் பேசினார்.

"இவ எப்பவும் மாடியிலதாங்க நிப்பா. வானத்தயே பாத்துகினு இருப்பா."

அது போதாதா அவருக்கு?

அன்று மத்தியானம், வேலூரிலிருந்து அம்மா போன் பண்ணுகிற நேரம் என்று நான் பூத்தில் காத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. கதவு சரியாகச் சாத்தாததால் குரல் வெளியே கேட்டது.

"ஆமாம் சார், தாய் ஒத்துக்கிட்டாங்க. அடிக்கடி மொட்டை மாடியில வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பாங்களாம். வெளிச்சத்தையும் பாத்திருக்காங்க. அப்புறம் கொஞ்ச நேரம் நினைவில்லை... எழுதிக்கங்க, நினைவில்லை..."

நான் எழுந்து போய்க் கூண்டுக் கதவைத் திறந்தேன். தொலைபேசியின் கொக்கியை அழுத்திவிட்டேன்.

"யாரு ஒத்துக்கினாங்க?" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "என்னம்மா இது, முக்கியமான கால்..."

"நான் அந்தப் பொண்ணோட அக்கா. வெளிய வாங்க."

பக்கத்து வளையல் கடைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அவர் வெளியே வந்து, மெதுவான அந்தக் குரலிலேயே, "உணர்ச்சிவசப்படாதீங்க. இது உலகத்துக்கே முக்கியமான விஷயம். பிரபஞ்சத்துல நாம மட்டும் தனியா இல்லைன்னு நிரூபிக்க ஒரு வாய்ப்பு. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதோட அருமை தெரியாது" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

"எனக்குத் தெரியாதா? அந்த வெளிச்சம் வந்தப்ப என் தங்கச்சிக்கு வளைகாப்பு முடிஞ்சிபோச்சு. வயித்துல புள்ள உதைச்சிகினு இருந்துது. அதுக்கப்புறம் வந்து என்னாத்த பண்ணிட்டுப் போனானாம் உங்க ஆளு? இந்தக் கணக்குகூட வராம இன்னா ஆராய்ச்சி பண்றீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது.

"என் தங்கச்சி பால எடுத்து பிளாஸ்க்ல ஊத்தி வேலூருக்கு பஸ்ல குடுத்தனுப்பறா. எங்க நைனா எடுத்துகினு போறாரு. அங்க ஸ்பூன்ல குடுக்குறாங்க, குழந்தை குடிக்குது. வேற கிரகத்துலேர்ந்து வந்ததுக்கு எங்க வூட்டுப் பாலு எப்படிங்க ஒத்துகினுது? வானத்துல உசுரு இருக்குதான்னு எனக்கும்தான் தெரியணும். நானும்தான் படிக்கிறேன். அது கிடைச்சா தூரத்துல எங்கயாவது பாசியா கிடைக்கும், புழுவா கிடைக்கும். அதத் தேட வக்கில்லாம பெத்துப் போட்டுக் கிடக்குற பொம்பள கட்டிலுக்கு வந்துட்டீங்களே, வெக்கமா இல்ல?"

"உங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லை" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக வளையல் கடைக்காரம்மா சொன்னார். எங்கே ஜெயித்தேன்? இரண்டு வாரம் கழித்து ஒரு வார இதழில் கட்டுரை வந்தது. தாய் ஒப்புக்கொண்டார், நினைவில்லை, எல்லாம் அப்படியே இருந்தது. கேபிளில் வந்த குழந்தையின் படத்தை ஒரு பக்கமும், பெரிய தலையும் பாதாம்கொட்டைக் கண்ணுமாக ஒரு ஓவியத்தை இன்னொரு பக்கமும் போட்டு, ஒற்றுமையைப் பாருங்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். சலூனில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் அதைப் படித்தார்கள். குழந்தையின் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் அதில் இருந்தன.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை ஈரப்பதமான ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணில் களிம்பு, உடம்பில் எண்ணெய்ப் பசை. நாளாக ஆக அந்தப் பளபளத் தோல் வெடித்து, உரிந்து, துண்டு துண்டாக விழுந்தது. கீழே சிவந்த புதுத்தோல். இமைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. தங்கை தையல் ஆறியதும் வேலூருக்குப் போய்விட்டாள். ஒருநாள் நான் போனபோது குழந்தை முதல்முறையாகக் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. "மூடிகிச்சு பாருக்கா, மூடிகிச்சு" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். பரம்பரையாக வரும் தோல் குறை. அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு வரும், சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல் என்றார்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால இந்த மாதிரி குழந்தை பொறந்திருக்கா?"

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ரெண்டாவதா ஒண்ணு பொறந்துச்சு. இதே மாதிரிதான். கொஞ்ச நாள்லயே செத்துப்போச்சு."

மாமா தன் அம்மாவைப் பார்த்தார். அவருக்கே அது தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது.

தங்கை கேட்டாள். "தெரிஞ்சிகினேவா அத்த, அந்த ஆளு என்னக் கேட்டப்ப, இவ மாடியில நிப்பான்னு சொன்னீங்க?"

"அப்ப என்ன இன்னா சொன்னாங்க தெரியுமாடி? பேய்க்குப் பொறந்துச்சுன்னாங்க. ராவோட ராவா எங்க மாமியா பொதைச்சிட்டு வந்தாங்க. வெளிய சொன்னா வெட்டிப்போட்ருவேன்னாரு உங்க மாமனாரு. நான் எப்படிச் சொல்றது?"

அத்தைமேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். பிற்பாடு வந்தது. அன்றைக்கு வரவில்லை. தன்மேல் எறிந்த அதே கல்லைப் பொறுக்கி என் தங்கைமேல் எறிந்தாரே என்று கொதித்தேன். அப்போது பேய் என்றார்கள், இப்போது பறக்கும் தட்டு என்கிறார்கள். பழைய அநியாயத்துக்குப் புதுச் சட்டை போட்டு அதை விஞ்ஞானம் என்று வேறு சொல்கிறார்கள். தங்கை என்னைப் போலக் கொதிக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அந்தக் குழந்தைக்கு யாராச்சும் பால் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. தோல் முழுக்கக் குணமாகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். மெல்லிய செதில்போல உரிந்துகொண்டே இருக்கும். வியர்வை சரியாக வராது. ஆரணி வெயிலில் அது பெரிய பேஜார். கோடையில் நாளுக்கு நாலைந்து தடவை ஈரத்துணி சுற்றவேண்டும், குளிப்பாட்டி உடம்பு காய்வதற்குள் எண்ணெய் தடவவேண்டும். மாமாவும் அத்தையும்தான் அதிகம் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஒரு பள்ளியில், மற்ற பெற்றோர்கள் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார்கள். இன்னொரு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளைகள் அவளை ஏலியன் என்று கூப்பிட்டன. அந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோது வந்த பத்திரிகை அது. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் இருந்த பெரியவர்கள்தான். தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் தன் மகளின் கையைப் பிடித்து, "இது தோல் வியாதி. ஒட்டாது. தொட்டுப் பாருங்க" என்றாள். முதலில் டீச்சர் தொட்டார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஏலியன் நிற்கவில்லை, ஆனால் கூட விளையாடவும் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

அந்தப் பத்தாண்டு முடிந்த சமயம், எங்கும் மொபைல் போன்கள் வந்து என் பூத்தை மூடிவிட்டிருந்தேன். ஒரு சாட்டிலைட் டி.வி.யிலிருந்து வண்டி வந்து தங்கை வீட்டு வாசலில் நின்றது. அந்த வேற்றுக்கிரகக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று நிகழ்ச்சி செய்கிறார்களாம். நான் அன்று அங்கே இருந்தேன். விரட்டிவிடலாம் என்று எழுந்தேன். தங்கை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உள்ள வாங்க" என்று அவர்களைக் கூப்பிட்டாள். இளம் பையன்கள், கையில் மைக், கேமரா. தண்ணீர் கொடுத்தாள். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இவதான். அஞ்சாவது படிக்கிறா. கணக்கு வராது, தமிழ் நல்லா வரும். வியாதிக்குப் பேரு இருக்குது, டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்க, எழுதிக்குங்க. இந்த மாதிரி குழந்தைங்க நம்ம நாட்டுல வேற எங்கயாச்சும்கூட பொறக்கும். அதுங்கள பயந்து தூக்கிப் போடாதீங்க, வேலூருக்கு எடுத்துகினு போங்கன்னு நான் பேசறேன். அதப் போடுவீங்களா?"

மைக் வைத்திருந்த பையன் தயங்கினான். "அது சரிக்கா... ஆனா அந்த வெளிச்சம் பத்தி, அப்ப என்ன ஃபீல் பண்ணீங்கன்னு..."

"வெளிச்சம் நான் பாக்கலப்பா. அப்ப உள்ள சோறு வடிச்சிகினு இருந்தேன்."

அவன் கேமராக்காரனைப் பார்த்தான். ஆபீஸில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று எழுந்தார்கள். வண்டி போனது. திரும்பி வரவில்லை. அந்த நிகழ்ச்சியும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த மாலைப் பத்திரிகையில் முதலில் எழுதிய உள்ளூர் நிருபரை நான் இன்றும் காய்கறி மார்க்கெட்டில் பார்ப்பதுண்டு. ஒருமுறை நேராகவே கேட்டேன், தப்பு என்று ஒரு வரி போட்டீர்களா என்று.

"அப்ப எல்லாரும்தாம்மா எழுதினாங்க. நாங்க கேள்விக்குறி போட்டுத்தானே எழுதினோம்" என்றார்.

அவர் பையில் கத்தரிக்காய் இருந்தது. பேரம் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். நான் அவர் பின்னாலேயே போய், கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறாள், அதை எழுதுங்கள் என்று சத்தம் போட்டேன்.